ஜப்பானியப் போர்க்காலக் கடன் பத்திரங்களைச் சேகரித்த அனுபவம்

டோக்கியோவில் பணியில் இருந்த ஆண்டுகளில், ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் அஞ்சலட்டைகளுக்கும் வரைபடங்களுக்கும் நடுவே கட்டுக்கட்டாகக் கிடந்த போர்க்காலக் கடன் பத்திரங்களைச் சேகரிக்கத் தொடங்கினேன். அஞ்சலகங்களில் விற்கப்பட்டதோடு, ‘தோனாரிகுமி’ என்னும் அண்டைவீட்டார் குழுக்கள் வழியாக வீடுவீடாகத் திணிக்கப்பட்டவை என்பதால், இவற்றில் பெரும்பாலானவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

பத்திரத்தை வெளியிட்டது யார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். 1937-இல் சீனாவுடன் போர் மூண்டபின் வந்த ‘சீன நிகழ்வு’ பத்திரங்களும், பசிபிக் போர் தொடங்கியபின் வந்த ‘மகா கிழக்காசியப் போர்’ பத்திரங்களும் அரசே வெளியிட்டவை. நிப்பான் காங்யோ வங்கியின் பெயர் தாங்கிய சேமிப்புப் பத்திரங்களும் அதே கட்டில் கலந்திருக்கும்; வாங்கியவர்களை ஈர்க்க அவற்றில் குலுக்கல் பரிசும் உண்டு. தலைப்பு வலமிருந்து இடமாக, பழைய எழுத்துகளில் இருக்கும். தேதி ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கான ஷோவா ஆண்டில் இருக்கும்; அதனுடன் 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைத்துவிடும்: ஷோவா 17 என்றால் 1942.

என்னைக் கட்டிப்போட்டவை வட்டிச் சீட்டுகள்தாம். ஆண்டுக்கு மூன்றரை சதவீத வட்டி தரும் 20 யென் பத்திரத்துக்கு அரையாண்டு வட்டி 35 சென் (100 சென் ஒரு யென்). அந்தத் தொகையும் வழங்கும் நாளும் அச்சிட்ட சிறு கட்டங்களைத் தவணைதோறும் வெட்டிக் கொடுத்துப் பணம் பெறவேண்டும். என்னிடமுள்ள ஒரு தாளில் தொடக்கத் தவணைகள் கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டப்பட்டிருக்க, ஷோவா 20-க்குப் பிந்தியவை அப்படியே நிற்கின்றன. 1946 பிப்ரவரியில் வங்கி வைப்புகள் முடக்கப்பட்டுப் புதிய யென் வந்தது. விலைவாசி ஏறிய வேகத்தில், 35 சென்னுக்காக அஞ்சலகம்வரை நடப்பதே வீண் என்று உரியவர் எண்ணியிருக்கலாம். வீடு எரிந்ததோ, ஆள் இறந்ததோகூடக் காரணமாக இருக்கலாம். தாளை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. வணிகர்கள் வெட்டப்படாத தாளுக்கே கூடுதல் விலை சொல்வார்கள். நானோ பாதி வெட்டியதையே தேடி வாங்குவேன்.

இவற்றை இன்று பணமாக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. முடியாது. ஜப்பானியச் சட்டப்படி அரசுக் கடன் பத்திரத்தின் அசலை 10 ஆண்டுகளுக்குள்ளும் வட்டியை 5 ஆண்டுகளுக்குள்ளும் கோரியிருக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. மாறாக ஆசை காட்டும் விற்பனையாளரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை.

வாங்கியதும் துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றிவிட்டு, பத்திரத்தை விரித்தபடியே பாலியெஸ்டர் உறையில் இடுகிறேன். பிவிசி உறை, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் கூடவே கூடாது. பழைய மடிப்புகளில்தான் தாள் முதலில் கிழியும் என்பதால், உறை சிறிதாக இருந்தாலும் மீண்டும் மடிக்காமல் பெரிய உறை வரும்வரை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்திருப்பேன்.