எமனுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி

டோக்கியோவில் என் முதல் குளிர்காலம் இருமலோடுதான் கழிந்தது. ரயிலில் முகக்கவசத்துக்குள் இருமினாலும் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். மருந்துக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. அலுவலகத்தில் மூத்த அம்மாள் ஒருவர், "ஷின்ஜுகுவில் இருமலுக்கென்றே ஒரு கிழவி இருக்கிறாள், போய்க் கும்பிட்டு வாருங்கள்" என்றார்.

ஷோஜுயின் கோயிலில் இருக்கும் அந்தக் கிழவியின் பெயர் தத்சுவேபா. செத்தவர்கள் கடக்கும் சன்சு ஆற்றங்கரையில் வருகிறவர்களின் துணியை உருவுவது அவள் வேலை. அதை ஒரு கிழவன் மரக்கிளையில் போடுவான். கிளை எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பாவம். வைதரணிக் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு ஆறு புதிதல்ல, இந்த எடைபோடும் ஏற்பாடுதான் புதிது. இவளிடமா இருமலுக்கு வேண்டிக்கொள்வார்கள்? வேண்டிக்கொண்டார்கள். குணமானவர்கள் நன்றிக்குப் பஞ்சு சாத்தியதால் 'பஞ்சுக் கிழவி' என்றே பெயராகிவிட்டது. 1849இல் எடோ நகரமே, அதாவது அன்றைய டோக்கியோவே, அவளிடம் திரண்டது. குனியோஷி போன்ற ஓவியர்கள் அவளை அச்சுப்படங்களாக வரைந்து தள்ளினார்கள்.

எனக்கு இருமல் விட்டது வசந்தம் பிறந்த பிறகுதான். புகழ் கிழவிக்கா, வெயிலுக்கா என்று நான் துருவவில்லை.

பக்கத்திலேயே தைசோஜி கோயில். கம்பிவலைக்குப் பின்னால் ஒரே இருட்டு. பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் விளக்கு எரிகிறது: 5.5 மீட்டர் உயரத்தில் கண்ணை உருட்டிக்கொண்டு நம் எமதர்மராஜன்! இங்கே அவர் என்மா. 1923 நிலநடுக்கத்தில் உடம்பு சிதைந்து, தலை மட்டும் பழையது. கூடவே, உருவிய துணியைக் கையில் பிடித்தபடி தத்சுவேபா. துணியை உருவுகிறவள் என்பதால் அக்கால ஷின்ஜுகு விலைமகளிர் விடுதிக்காரர்கள் அவளைத் தங்கள் தொழில் தெய்வமாகக் கொண்டாடினார்களாம். ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் எமனைப் பார்த்து ஆறுதலடைந்தவன் நானாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகு இந்நாட்டுக் கிழவிகள் மீது எனக்குத் தனிப் பிரியம். மலைக்கிழவி யமாஉபா வழிப்போக்கர்களைத் தின்பவள். அவளேதான் அஷிகரா மலையில் கின்தாரோ என்ற பலசாலிப் பையனையும் வளர்த்தாள். உதாமாரோ அவளைக் கலைந்த கருங்கூந்தலுடன் அழகிய தாயாகவே வரைந்திருக்கிறார். ஆனால் மே 5 சிறுவர் திருநாளுக்குக் கடைகளில் அடுக்கும் பொம்மைகளில் கின்தாரோ இருக்கிறான், அவனுடைய கரடி இருக்கிறது. வளர்த்தவளை மட்டும் நான் பார்த்ததில்லை. இது அநியாயம் என்று அலுவலக அம்மாளிடம் சொன்னேன். "அவளையும் வீட்டில் வைத்தால் பையன்கள் எப்படித் தூங்குவார்கள்?" என்று சிரித்தார்.