அரச பாதுகாப்பு வினாவில் புள்ளி எங்கே இருக்கிறது?

"அரசியல் ஸ்திரமின்மையும் ஒழுங்கமைக்கப்பட்ட குற்றமும் அரச பாதுகாப்புக்கு விடுக்கும் சவால்களை ஆராய்க." அரசறிவியல் தாளில் இப்படியொரு வினா வந்தால், முதல் இரண்டு பக்கம் ஸ்திரமின்மை, அடுத்த இரண்டு பக்கம் பாதாள உலகம், கடைசியில் ஒரு "எனவே" என்றுதான் பலர் முடிப்பார்கள். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் கவனித்த மட்டில், திருத்துகிறவர் தேடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தொடர்பை.

அரசு வேறு, அரசாங்கம் வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். 2022 ஜூலை 14இல் இலங்கை ஜனாதிபதி கோட்டாபய பதவி விலகினார். 20ஆம் திகதி பாராளுமன்றம் அரசியலமைப்பின்படியே அடுத்தவரைத் தெரிவுசெய்தது. ஆட்சி போனது, அரசு நின்றது. ஹெயிட்டியில் அப்படியில்லை. 2021 ஜூலை 7இல் ஜனாதிபதி மொய்ஸ் கொல்லப்பட்டார். தேர்தல் தள்ளிக்கொண்டே போக, கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்தன. 2024 மார்ச்சில் சிறைகளை உடைத்தன. வெளிநாடு போயிருந்த பிரதமர் ஹென்றி நாடு திரும்ப முடியாமல் பதவி விலக இணங்கினார். ஒன்று மற்றதை வளர்க்கும் அந்தச் சுற்றைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒழுங்கமைக்கப்பட்ட குற்றக்குழுவின் வரைவிலக்கணத்துக்கு 2000ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ சமவாயம் போதும்: மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர், சில காலம் நிலைத்திருக்கும் குழு, பாரதூரமான குற்றம், நோக்கம் பணம் அல்லது வேறு பொருள் இலாபம்.

அந்த "இலாபம்" முக்கியம். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு சீயோன் தேவாலயம் தானாகவே பேனாவுக்கு வரும். எழுதுங்கள், ஆனால் குற்றக்கும்பல் பகுதியில் வேண்டாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுத்தாக்குதல் பயங்கரவாதம், இலாபத்துக்கான குற்றமல்ல. அதன் இடம் ஸ்திரமின்மைப் பகுதி. 2018 ஒக்டோபர் 26இல் ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கினார். டிசம்பர் 13இல் உயர்நீதிமன்றம் பாராளுமன்றக் கலைப்பைச் செல்லாதென்றது. பிரதமர் திரும்பி வந்தும் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைக்கப்படவில்லை. 2019 ஏப்ரல் 4இலேயே தாக்குதல் பற்றி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. இந்த வரிசையில் எழுதினாலே மேல்மட்டப் பிளவு எங்கே வந்து முடிந்தது என்பது விளங்கும். தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்ற 2023 ஜனவரித் தீர்ப்பையும் சேருங்கள். உணர்ச்சி வரிகளை மட்டும் குறையுங்கள். எங்களுக்கு அது கஷ்டம்தான்.

உள்நாட்டுக் குற்றக்கும்பலுக்கு 2025 பெப்ரவரி 19: சட்டத்தரணி உடையில் வந்தவன் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றான். சட்டபூர்வமான வன்முறை அரசின் ஏகபோகம் என்ற மக்ஸ் வெபரின் கருத்தை இங்கே வையுங்கள். முன்னுரையில் எல்லாரும்தான் வைக்கிறார்கள்.

பேப்பர் வாசிக்கிறவர்களுக்குக் கும்பல் பெயர்களை அடுக்க ஆசை வரும். ஒன்றிரண்டு போதும். மிஞ்சும் நேரத்தில், குற்றத்தால் சேர்ந்த சொத்தைப் பறிமுதல் செய்ய 2025இல் நிறைவேறிய சட்டத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதுங்கள். ஆளைப் பிடிப்பதோடு பணத்தையும் துண்டிப்பது ஏன் தேவை என்பதற்கு மேலே எழுதிய பலேர்மோ வரைவிலக்கணமே ஆதாரம்.