ஈய அடைப்பு
போன வாரம் மார்த்தாண்டம் வீட்டில் புட்டுக்குக் கடலை வேகவைத்த குக்கரில் தண்ணீர் வற்றி, சேஃப்டி வால்வு உருகிவிட்டது. ஆவி கூரைவரை சீறியது. புது வால்வு வாங்கும்போது நீராவி எஞ்சின் செய்த பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக் நினைவுக்கு வந்தார்.

1771இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். ஜேம்ஸ் வாட் அஞ்சிய உயர் அழுத்த நீராவியைத் துணிந்து கையிலெடுத்தார். 1803இல் கிரீனிச்சில் அவருடைய கொதிகலன் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிது: கொதிகலனில் ஈய அடைப்பு வைத்தார். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகும், ஆவி வெளியேறும்.

1804 பிப்ரவரி 21 அன்று வேல்ஸில் அவருடைய எஞ்சின் 10 டன் இரும்பையும் சுமார் 70 பேரையும் தண்டவாளத்தில் இழுத்தது. 1833இல் கையில் காசில்லாமல் இறந்தார்.

அம்மாவிடம் சொன்னேன். “பாவம் மக்களே, நல்ல மனுசன்” என்றாள்.