ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் கோடிங்: பிசியோ படித்தும் நான் சறுக்கிய இடம்

பிசியோதெரபி முடித்தவள் நான், எலும்புக் கேள்வியெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்ற நினைப்பில்தான் சிபிசி தேர்வுக்கு (நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடும் மெடிக்கல் கோடிங் வேலைக்கான தேர்வு) உட்கார்ந்தேன். முதல் மாக் டெஸ்ட்டில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (அடிபடாமல், திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் விரிசல்) பற்றி வந்த மூன்று கேள்வியுமே தப்பு.

முதல் கேஸ் இது. ஓட்டப்பயிற்சி எடுக்கிறவர், வலது கீழ்க்காலில் வலி, டிபியாவின் (கீழ்க்காலின் பெரிய எலும்பு) உள்பக்க ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் விரல் வைத்தால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, 'ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக இருக்கலாம், எம்ஆர்ஐ எடுக்கவும்' என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் யோசிக்காமல் வலது டிபியா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்கான கோட், எம்84.361ஏ போட்டேன். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஷின் ஸ்ப்ளின்ட் (முறிவு இல்லாமல் ஓட்டத்தால் வரும் கீழ்க்கால் வலி) என்றால் வலி 5 செ.மீ.க்கு மேல் எலும்போரமாகப் பரவியிருக்கும், ஒரே புள்ளியில் வலித்தால் முறிவைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியுமே! அந்தத் தெரிதல்தான் கவிழ்த்தது. வெளிநோயாளிக் குறிப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று இருந்தால் அறிகுறிக்குத்தான் கோட், அதாவது வலது கீழ்க்கால் வலி, எம்79.661. எம்ஆர்ஐ பார்த்து டாக்டர் உறுதியாக எழுதிய பிறகுதான் எம்84.361.

இரண்டாவது கேஸில், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சருக்கு எம்84.3 வரிசையில் தேடாமல் எஸ்82-க்குப் போய்விட்டேன். அது விழுந்து அடிபட்டு முறிந்த எலும்புக்கு. எலும்புப்புரை இருப்பவருக்கு அதனால் முறிந்தால் எம்80. (ஷின் ஸ்ப்ளின்ட் மட்டும் காயங்களோடு எஸ்86.89-இல் இருக்கிறது. தேடி அலையாதீர்கள்.)

மூன்றாவதுதான் பலரும் விழும் குழி: கோடின் கடைசியில், சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஏழாவது எழுத்து. 'ஏ' என்றால் முதல் விசிட் என்று மனப்பாடம் செய்திருந்தேன். உண்மையில் சிகிச்சை தீவிரமாக நடக்கும் வரை 'ஏ'தான், நடுவில் வேறு டாக்டர் பார்த்தாலும். ஓட்டத்தை நிறுத்தி, வாக்கிங் பூட் போட்டு, ஆறு வாரம் கழித்து ஒழுங்காக ஆறுகிறதா என்று காட்ட வருபவருக்கு 'டி'. ஆறத் தாமதமானால் 'ஜி', எலும்பு சேரவே இல்லையென்றால் 'கே'. இங்கே பிசியோ அறிவு கைகொடுத்தது. டிபியாவின் முன்பக்கம் இழுவிசை தாங்கும் பக்கம், ரத்த ஓட்டமும் குறைவு, எக்ஸ்ரேயில் குறுக்கே கறுப்புக் கோடு விழும், மாதக்கணக்கில் சேராமல் இழுத்தடித்து கடைசியில் எலும்புக்குள் ராடு வைக்க வேண்டி வரலாம். சேராத எலும்புக்காகப் பின்னாளில் ஆபரேஷனுக்கே வந்தாலும் 'ஏ' இல்லை, 'கே'.

தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. புத்தகம் பார்த்து எழுதலாம் என்பதை நம்பி மெத்தனமாக இருக்காதீர்கள். எம்84.3 பக்க ஓரத்தில் 'இருக்கலாம் என்றால் வலி' என்று பென்சிலால் எழுதிவைத்தேன். அப்புறம், கேஸை மேலிருந்து படிக்காமல் டாக்டரின் முடிவு வரியை முதலில் படித்துவிடுவேன், எம்ஆர்ஐ கதையெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது மாக்கில் மூன்றும் சரி.