நின்றால் நடுங்கும் ஜீப்

மாங்குளத்தில் ஏ9 வீதியோரம் இருக்கிற எங்கள் கராஜுக்கு வருகிறவை பெரும்பாலும் டிப்பர், உழவு இயந்திரம், ஆட்டோ. ஆறு சிலிண்டர் பெற்றோல் ஜீப் வருவது ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்காதான். அதனால் அந்தப் பெரிய ஜீப் உள்ளே வந்து நின்றபோது எனக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பயம்.

சொந்தக்காரர் ஒட்டுசுட்டான் பக்கம் கொந்தராத்து எடுத்துச் செய்கிற அண்ணர். "தம்பி, ஓடேக்க ஒரு கரைச்சலும் இல்லை. எங்கையும் நிப்பாட்டினா கிடந்து நடுங்குது. சீற்றில வைச்ச போன் கீழ விழுகுது" என்றார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நன்றாக இருக்குமாம், சூடேறத்தான் தொடங்குமாம். வேறோர் இடத்தில் ஆறு பிளக்கும் இரண்டு கொயிலும் மாற்றி, எஞ்சினுக்குக் காற்றைத் திறந்து மூடுகிற திரொட்டில் பொடியும் கழுவியாயிற்று.

எஞ்சின் கம்பியூட்டரின் பிழைகளை வாசிக்கிற ஸ்கானரைச் செருகினேன். பி0171, பி0174 என்று இரண்டு பிழை நம்பர். அதாவது இரண்டு பக்க சிலிண்டர்களிலும் காற்று கூட, பெற்றோல் குறைவு. இரண்டு பக்கமும் ஒரேமாதிரிக் கெட்டால் காரணம் இரண்டுக்கும் பொதுவானதாகத்தான் இருக்கும், அதுவரை சரியாகத்தான் யோசித்தேன். அப்புறம்தான் சறுக்கினேன். காற்றை அளக்கிற ஏயர்ஃப்ளோ சென்சர் கண் முன்னாலேயே இருந்தது, கழற்றுவதும் லேசு. கழுவிப் பூட்டினேன், மாற்றமில்லை. வவுனியாவிலிருந்து பாவித்த சென்சர் ஒன்று எடுப்பித்துப் போட்டேன், அதே நடுக்கம். இரண்டு நாள் போய்விட்டது.

இவ்வளவுக்கும் விடை ஸ்கானரிலேயே இருந்தது, நான் பிழை நம்பரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். எஞ்சின் ஓடும்போது வருகிற கணக்கைப் பார்த்திருந்தால், கம்பியூட்டர் கூடுதலாக ஊற்றுகிற பெற்றோல், ரேஸ் பண்ணாமல் சும்மா ஓடுகிற ஐட்லிங்கில் 24 வீதம், நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ரேஸ் பண்ணினால் வெறும் 4 வீதம் என்று தெரிந்திருக்கும். சென்சரோ பெற்றோல் பம்போ பிழையென்றால் ரேஸ் கூடக் கூடத்தான் பொதுவாகக் குறை கூடும். இங்கே தலைகீழ். ஐட்லிங்கில் எஞ்சின் குடிக்கிற காற்றே கொஞ்சம், ஆனால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற மனிஃபோல்டுக்குள் இழுவை பலம், எங்கேயாவது சின்ன ஓட்டை இருந்தால் அளவைக்குள் வராத காற்று அதற்குள்ளால் களவாகப் போய்விடும். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பு போட்டால் வாயில் வைக்க முடியாது, அதையே வாளியில் போட்டால் தெரியவே தெரியாது, அந்தக் கதைதான்.

மூன்றாம் நாள் எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர் தேத்தண்ணி குடிக்க வந்தார். 1990களில் வன்னிக்குப் பெற்றோல் வராத காலத்தில், சேலைன் போத்தலால் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த ஆட்களில் ஒருவர். ஸ்கானர் அவர் கையால் தொட்டதில்லை. பொனற் திறந்திருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "எங்கையோ காத்து இழுக்குது, உனக்குக் கேக்கேல்லையோ?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது.

பெற்றோல் ஹோஸ் துண்டொன்றை ஒரு முனை காதிலும் மறுமுனை எஞ்சினிலுமாக வைத்துக்கொண்டு தேடினேன். மனிஃபோல்டின் பின்பக்கம், டாஷ்போர்ட் தகட்டோடு ஒட்டின இடத்தில், பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். வேலைக்கு நிற்கிற பொடியன் அந்த இடத்தில் போத்தலால் தண்ணீரைப் பீச்ச, சீறல் நின்று எஞ்சின் ஒரு கணம் சுதி மாறியது. மோட்டார் சைக்கிளின் உடைந்த கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால், எஞ்சினுக்குள்ளிருந்து ஒயில் புகையை மனிஃபோல்டுக்குக் கொண்டுபோகிற வளைந்த ஹோஸ், அடிப்பக்கத்தில் ஒரு நக நீளத்துக்குக் கிழிந்திருந்தது. ஒயில் ஊறி றப்பர் களி மாதிரி. சூடேற அது இளகி வாயைத் திறக்கிறது.

அண்ணருக்கு அன்றைக்கே ஜீப் வேண்டும். தண்ணி ஹோஸ் ஒன்றை வெட்டிப் போடுவோமா என்று எனக்கும் சபலம் வந்தது, பலர் செய்கிற வேலைதான். ஆனால் அந்த றப்பர் ஒயிலுக்குத் தாங்காது, இரண்டு மாதத்தில் ஊதிப் பழையபடி என்னிடமே வரும். வளைந்த அசல் ஹோஸ் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரும்வரை அவரை ஒருநாள் காக்க வைத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

பூட்டியதும் அந்த 24 வீதம் மூன்றுக்கு இறங்கியது. எஞ்சின் 700 சுற்றில் அமைதியாக நின்றது. ஏசி போட்டு கியரில் விட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் அதிர்வு. அது வேறு வியாதி, எஞ்சின் மவுண்டிங் றப்பர் கிழிந்திருந்தது. கிரவல் றோட்டில் அவர் ஓடுகிற ஓட்டத்துக்கு ஆச்சரியமில்லை. அடுத்த கிழமை அதையும் மாற்றினோம்.

சென்சருக்கு நான் காசு வாங்கவில்லை. அது அலுமாரியில் கிடக்கிறது. பொடியன் அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்: "அண்ணையின்ரை ரெண்டு நாள்."