தம்பியின் நோட்டு

மே 19
தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் அவனைச் சேர்த்திருக்கிறோம். வீட்டிலேயே இருந்து குடியை விட்டுவிடுகிறேன் என்றான். டாக்டர் சம்மதிக்கவில்லை. தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து என்றார். இப்போது தயமின் என்ற வைட்டமின் ஊசி போடுகிறார்கள். நடுக்கத்துக்கான மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். உட்கார வைத்துப் பேசி மனதைத் தேற்றும் வைத்தியம் அப்புறம்தான்.

ஜூன் 3
குடி நின்றும் பயம் போகவில்லை. திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தில் டவுன் பஸ் நெரிசலில் நின்றுவிட்டால், "யக்கா, நெஞ்ச அடைக்கி, இறங்கிருவோம்" என்கிறான். ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. குடியை நிறுத்திய சில வாரங்களுக்குப் பதற்றம் இருக்கத்தான் செய்யுமாம். ஆனால் இவனுடைய படபடப்பு குடிக்கு முந்தியது. காலேஜ் காலத்திலேயே கூட்டத்துக்குள் நுழைய மாட்டான். ஒரு கட்டிங் போட்டால் அடங்குகிறது என்று கண்டுகொண்டதுதான் வினை. போதை இறங்க இறங்க மூளை முன்னைவிட அதிகமாகப் பதறும், அதை அடக்க மறுபடியும் குடி. ஊரில் இதைக் கொழுப்பு என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

ஜூன் 12
உளவியலாளர் அம்மா கேட்ட முதல் கேள்வி: "குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்கு?" தம்பி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். அவனிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. பயம் அடங்கும், தூக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், இழந்ததையும் தானாகவே சொன்னான். 1983-இல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறையாம் இது. மாறுவதற்கான காரணம் அவன் வாயிலிருந்தே வர வேண்டும்.

வாரம் ஒருநாள், மொத்தம் பன்னிரண்டு அமர்வு. "மூணு மாசம் போதுமா?" என்று எங்கள் அம்மா கவலைப்பட்டாள். அமெரிக்காவில் 1,700-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1997-இல் வந்தது. அதில் நான்கே அமர்வு வந்தவர்களும் பன்னிரண்டு அமர்வு வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அதைச் சொன்ன பிறகுதான் அம்மா அடங்கினாள்.

ஜூன் 26
நோட்டு போட்டிருக்கிறான். எங்கே பயம் வந்தது, பத்துக்கு எத்தனை, மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். "செத்துருவேன்" என்பதே பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அடுத்தது பஸ் பயிற்சி. வாசல் பக்க சீட்டும் கையில் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல், பயம் தானாகத் தணியும் வரை இறங்காமல் உட்கார வேண்டும். நான் அடுத்த சீட்டில் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

ஜூலை 8
ஆனித் தேரோட்டம். தம்பி ரத வீதிக்கு வந்தான், வடமும் பிடித்தான். கூட்டாளிகள் கூப்பிட்டபோது, ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடி, "மருந்து சாப்பிடுதேன், வேண்டாம்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜூலை 19
துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் குடித்துவிட்டான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று அவனும் படுத்துவிட்டான். எப்படியோ கிளப்பிக் கூட்டிப் போனேன்.

உளவியலாளர் அம்மா திட்டவே இல்லை. நோட்டைத் திறந்து, காலையிலிருந்து நடந்ததை வரிசையாகக் கேட்டார். ராத்திரி தூக்கமில்லை, காலையில் சாப்பாடு இல்லை, கடன்காரரோடு வாக்குவாதம், துட்டி வீட்டுக் கூட்டம், படபடப்பு, யாரோ நீட்டிய டம்ளர். டம்ளருக்கு முன்னால் இத்தனை இடத்தில் திரும்பியிருக்கலாம் என்பது அங்கேதான் எங்களுக்கே தெரிந்தது. ஒருநாள் குடித்தது வேறு, பழையபடி விழுவது வேறு என்றார். முன்னதைப் பின்னதாக்குவது பெரும்பாலும் அந்த "எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தானாம். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சறுக்கியதை மறைக்காமல் கொண்டுவந்து வைக்க ஓர் இடம் இருக்கிறதே, இந்த வைத்தியத்தில் நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

ஆகஸ்ட் 29
அமர்வுகள் முடிந்தன. இனி மாதம் ஒருமுறை போய்க் காட்டினால் போதும். பஸ் பயம் பத்துக்கு மூன்றில் நிற்கிறது. அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ நோட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறான். பாளையங்கோட்டை தசராவுக்குச் சப்பரம் பார்க்க யாரோடு போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட்டான்.