தனுஷ்கோடி ஸ்டேஷன்: களக் குறிப்புகள்

டிசம்பர் 9
தனுஷ்கோடி என்றால் எல்லாரும் 1964 புயலைத்தான் பேசுகிறார்கள். அதற்கு முன் ஐம்பது வருஷம் இங்கே ரயில் ஓடியிருக்கிறது. எழுத வேண்டியது அதைத்தான். முன்பெல்லாம் கொழும்புக்குத் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் வழி மாறியது. எழும்பூரில் போட் மெயில் ரயில், தனுஷ்கோடியில் கப்பல், இலங்கைக் கரையில் தலைமன்னாரில் மறுபடி ரயில். இது கப்பலுக்காகவே பிறந்த ஸ்டேஷன்.

டிசம்பர் 11
பழைய தடத்தை ராமேஸ்வரத்திலிருந்து தேடாதீர்கள். அன்றைய மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பாதை பாம்பன் ஜங்ஷனில் பிரிந்து நேரே தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரத்துக்குத் தனிக் கிளை. 2019-இல் அடிக்கல் நாட்டிய ராமேஸ்வரம்–தனுஷ்கோடி திட்டத்தின் வரைபடத்தைப் பழைய தடமென்று நம்பினால் தேடல் தொடக்கத்திலேயே வழி தவறும்.

டிசம்பர் 12
இடிந்த சுவர்களை அளக்கும்போது காரையைச் சுரண்டக் கூடாது. கடல் உப்பு துளைகளுக்குள் படிகமாகி விரிவதால் மேல்பரப்பு ஏற்கெனவே பொடிப்பொடியாக உதிர்கிறது. விரல் பட்டாலே கொட்டும். சிமென்ட் பூசி 'காப்பாற்றுவது' இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சோடு சேர்த்துக் கல்லையும் பெயர்த்துவிடும். சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்புதான்.

டிசம்பர் 15
எந்தப் பழைய ஸ்டேஷனிலும் தண்டவாளத் துண்டு கிடைத்தால் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். தயாரித்த ஆலை, எடை, வருஷம் எல்லாம் புடைப்பெழுத்தில் இருக்கும். துருவை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எழுத்து நிழலில் எழும்பும். ஆனால் அது தண்டவாளத்தின் வயசு, ஸ்டேஷனுடையது அல்ல. பழைய தண்டவாளம் வேறிடம் போய் உத்தரமாகவும் வேலிக்கம்பமாகவும் நிற்பது சகஜம்.

டிசம்பர் 19
அந்தப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் மூழ்கியது டிசம்பர் 22 என்றும் 23 என்றும் எழுதுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனை விட்டது. அலை அடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டு தேதியையும் நேரத்தோடு எழுதினால் குழப்பம் தீரும். பயணிகள் 110 பேர் என்பது டிக்கெட் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் அதில் வரமாட்டார்கள். ஆகவே 'குறைந்தது' என்ற சொல்லை விடவே கூடாது.

அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. ஊரையே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டது. தலைமன்னார்க் கப்பலும் ராமேஸ்வரத்துக்கு மாறியது.